தங்கை கல்யாணக் கடனுக்காக டியூஷன் எடுத்த கலிலியோ

பிளஸ்-1 இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் சாய்தளம், கப்பி, மேலிருந்து விழும் பொருளின் வேகம் என்று பாடங்கள் வரிசையாக வரும். இந்தப் பாடங்களுக்கு வழி போட்டவர்களில் முதன்மையானவர் இத்தாலி நாட்டு விஞ்ஞானி கலிலியோ. தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்தவர் என்றுதான் உலகம் அவரை அறியும். ஆனால் அதற்கு முன் 20 ஆண்டுகள் அவர் ஒரு கணக்கு வாத்தியார். அதுவும் கடன்பட்ட வாத்தியார்.

60 ஸ்கூடி சம்பளம்

கலிலியோ 15-2-1564 அன்று பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சியோ ஒரு சங்கீத வித்வான். மகனை டாக்டராக்க ஆசைப்பட்டு 1581-ல் மருத்துவம் படிக்கச் சேர்த்தார். மகனுக்கோ கணக்கில்தான் நாட்டம். 1585-ல் பட்டம் வாங்காமலே படிப்பை விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

1589-ல் பைசா பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 60 ஸ்கூடி. அங்கே மருத்துவப் பேராசிரியர்கள் வாங்கியதோடு ஒப்பிட்டால் இது மிகவும் சொற்பம்.

1591-ல் தந்தை காலமானார். மூத்த மகன் என்பதால் குடும்ப பாரம் முழுவதும் கலிலியோ தலையில் விழுந்தது. தங்கை வர்ஜீனியாவுக்குப் பேசிய வரதட்சணைக்கும் அவரே பொறுப்பு.

அயலூரில் 18 ஆண்டு

அந்தக் காலத்தில் இத்தாலி ஒரே நாடாக இல்லை. பல சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அதிக சம்பளம் தேடி 1592-ல் கலிலியோ சொந்த அரசை விட்டு, வெனிஸ் குடியரசைச் சேர்ந்த பாதுவா நகருக்குப் போனார். அங்கே ஆண்டுக்கு 180 புளோரின். அதுவும் போதவில்லை.

மறு ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வர நினைத்தபோது தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. வரதட்சணைப் பாக்கிக்காக மாப்பிள்ளை அவரைக் கைது செய்ய வைக்கப் போவதாக மிரட்டுகிறார் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

1601-ல் இரண்டாவது தங்கை லிவியாவுக்குக் கல்யாணம். 1,800 டுகாட் வரதட்சணை. தம்பி மைக்கேலாஞ்சலோ பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். (இவர் சிற்பி அல்ல, வாத்தியக் கலைஞர்.) ஆனால் அவர் பங்கு வந்து சேரவில்லை. கலிலியோ சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கி நிலைமையைச் சமாளித்தார்.

கையெழுத்துப் பாடம்

வருமானத்துக்கு அவர் கண்ட வழி டியூஷன். மாணவர்களை வீட்டிலேயே தங்க வைத்து, சாப்பாடும் போட்டுப் பாடம் நடத்தினார். ஒரு தொழிலாளியைக் குடும்பத்தோடு வீட்டில் அமர்த்தி, கணக்குப் போட உதவும் ஒரு கருவியைச் செய்து விற்றார். அதை உபயோகிக்கும் முறையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார். 1606-ல் அதற்கு ஒரு கையேடு அச்சிட்டார். மொத்தமே 60 பிரதிகள்.

நெம்புகோல், கப்பி, திருகு ஆகியவை வேலை செய்யும் விதத்தையும் பாடக் குறிப்பாக எழுதினார். மாணவர்கள் அதைக் கையால் நகல் எடுத்துக்கொண்டார்கள். எந்த இயந்திரமும் இயற்கையை ஏமாற்ற முடியாது என்பதே அதன் சாரம். நகரும் கப்பி ஒன்றைப் போட்டால் பாதி பலத்தில் சுமையைத் தூக்கலாம். ஆனால் ஒரு முழம் தூக்க இரண்டு முழம் கயிறு இழுக்க வேண்டும். பலத்தில் லாபம் என்றால் தூரத்தில் நஷ்டம்.

பலகையும் தண்ணீரும்

விழும் பொருளின் வேகத்தை அளக்க அன்று நல்ல கடிகாரம் கிடையாது. கலிலியோ 12 முழ நீளப் பலகையில் பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல் தாள் ஒட்டி, சற்றே சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். குண்டு உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்தின் அடியிலிருந்து மெல்லிய குழாய் வழியாக விழும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டார். தண்ணீரின் எடைதான் நேரம்.

முதல் நொடியில் ஒரு பங்கு தூரம் என்றால், இரண்டாவது நொடியில் 3, மூன்றாவதில் 5, நான்காவதில் 7 பங்கு. மொத்தம் கூட்டினால் 1, 4, 9, 16. அதாவது தூரம் நேரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி கூடுகிறது.

வீட்டுக் காவலில் எழுதிய புத்தகம்

1609-ல் தொலைநோக்கி அவர் வாழ்க்கையை மாற்றியது. புகழ் வந்தது. 1610-ல் புளோரன்ஸ் அரசவைக்குத் திரும்பினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை ஆதரித்ததற்காக 1633-ல் ரோம் நகரில் மதக் கோர்ட் அவரைத் தண்டித்தது. ஆயுள் முழுவதும் வீட்டுக் காவல். புத்தகம் வெளியிடத் தடை. அடுத்த ஆண்டே, அவருக்கு ஆறுதலாக இருந்த கன்னியாஸ்திரி மகள் மரியா செலஸ்தே 33 வயதில் இறந்தார்.

இத்தனைக்கும் நடுவே, 70 வயதில், பாதுவா நாட்களின் பழைய குறிப்புகளை மறுபடி எடுத்தார். மூன்று நண்பர்கள் பேசிக்கொள்வது போல, கேள்வியும் பதிலுமாக, இயக்கத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கையெழுத்துப் பிரதி ரகசியமாக நாட்டைக் கடந்து, 1638-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. புத்தகம் கைக்கு வந்தபோது கலிலியோவுக்கு இரண்டு கண்களும் தெரியவில்லை. தடவித்தான் பார்க்க முடிந்தது.

8-1-1642 அன்று அவர் காலமானார். அவருக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் தவறிவிட்டார்கள் என்று 1992-ல் போப் இரண்டாம் ஜான்பால் ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பலகையைச் சாய்த்துக் குண்டு உருட்டும் பிள்ளை செய்வது, பாதுவா வீட்டில் அந்தக் கடன்கார வாத்தியார் செய்த அதே சோதனை. தங்கைகளின் கல்யாணக் கடன் எப்போதோ தீர்ந்து போயிற்று. அந்த நாட்களில் தொடங்கிய பாடம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.