பரவை நீலமும் முழவின் ஒலியும்

நுழையும்முன்

மதுரைக்கு வடமேற்கே, வைகையாற்றின் அருகே அமைந்துள்ள ஓர் ஊர் பரவை. பரந்த நீர்ப்பரப்பையும் கடலையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லும் இதுவே. கடலில்லாத ஊருக்குக் கடலின் பெயர் வாய்த்திருப்பது வியப்பன்றோ! மழைக்காலத்தில் நீர் நிரம்பிய கண்மாயில் ஒரு கல்லை எறிந்து பாருங்கள். வட்டவட்டமாக அலைகள் கரையை நோக்கி வரும். நீரில் மிதக்கும் இலையோ அலையோடு கரைக்கு வராது. நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். எனவே, நகர்ந்து வருவது நீரன்று. ஆற்றலே என்பது புலனாகும். இந்த எளிய உண்மையை இசைக்கருவியிலும் கடல்நீரிலும் ஒளியிலும் தேடிச் சென்ற தமிழர் ஒருவரின் வாழ்வை அறிவோம்.

இளமையும் கல்வியும்

சந்திரசேகர வெங்கட ராமன் எனும் சர் சி.வி. இராமன், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றியமையால், இராமனின் இளமைப்பருவம் அக்கடற்கரை நகரில் கழிந்தது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். ஒளி அலைகள் செவ்வகத் துளையின் விளிம்பில் வளைந்து செல்வதைப் பற்றிய அவரது முதல் ஆய்வுக்கட்டுரை, 1906இல் இங்கிலாந்து நாட்டு அறிவியல் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை பதினெட்டு.

அலுவலகமும் ஆய்வகமும்

அக்காலத்தில் அறிவியல் ஆய்வையே தொழிலாகக் கொள்ள இந்திய இளைஞர்க்கு வழியில்லை. உயர்கல்விக்காக இங்கிலாந்து செல்லவும் இராமனின் உடல்நலம் இடந்தரவில்லை. ஆகவே, நிதித்துறைத் தேர்வெழுதி வெற்றி பெற்று, 1907இல் கொல்கத்தாவில் உயர் அலுவலராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே, வீணை இசைப்பதில் தேர்ந்த உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார்.

ஒருநாள் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் தோற்றுவித்த அந்நிறுவனம், ஆய்வாளர் மிகுதியின்றி இருந்தது. அலுவலகம் செல்லும் முன் காலையிலும், திரும்பிய பின் இரவு வரையிலும் இராமன் அங்கே ஆய்வில் மூழ்கினார். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் ஆய்வை அவர் கைவிடவில்லை.

1917இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஊதியமோ அரசுப் பணியில் பெற்றதைவிட மிகக் குறைவு. செல்வமும் செல்வாக்கும் ஒருபுறம், அறிவுத்தேடல் மறுபுறம். இராமன் தயங்கவில்லை, அரசுப் பணியைத் துறந்து ஆசிரியப் பணியை ஏற்றார்.

முழவில் மறைந்த முறைமை

வீணையின் நரம்பை மீட்டும்போது, நரம்பு குறுக்காக அதிர்கிறது. இரு முனைகளும் அசையாமல் நிற்க, இடைப்பகுதி அலைவுறுகிறது. இதனை நிலை அலை என்பர். அசையாப் புள்ளிகள் கணுக்கள். மிகுதியாக அசையும் புள்ளிகள் எதிர்க்கணுக்கள். நரம்பு முழுமையாக அதிரும் அதே வேளையில் இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்தும் அதிரும். அவ்வதிர்வெண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என முழுஎண் மடங்குகளாக அமைவதாலேயே நரம்பொலி செவிக்கு இனிமை பயக்கிறது.

தோற்கருவியின் நிலை வேறு. சீராக இழுத்துக் கட்டப்பட்ட வட்டத் தோலின் அதிர்வெண்கள் முழுஎண் மடங்குகளாக அமைவதில்லை; இரண்டாவது அதிர்வெண் முதலாவதைப்போல் ஏறத்தாழ 1.59 மடங்காகும். எனவே, முழவொலியில் தெளிவான சுரம் பிறத்தல் அரிது. ஆயினும், நம் மிருதங்கம் சுருதி சேர்ந்து ஒலிக்கிறதே, எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடையை இராமன் வலந்தலையின் நடுவில் உள்ள கருநிறப் பூச்சில் கண்டார். சோற்றுப் பசையும் இரும்புத்தாதுப் பொடியும் கலந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து இடப்படும் இப்பூச்சு, நடுத்தோலின் எடையைக் கூட்டுகிறது. அதனால் அதிர்வெண்கள் இடம்பெயர்ந்து முழுஎண் மடங்குகளை நெருங்குகின்றன. தோலின்மீது நுண்மணலைத் தூவி, அது அசையாக் கோடுகளில் குவியும் வடிவங்களைக் கொண்டு இதனை அவர் மெய்ப்பித்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களுக்குள் அடங்கின. 1920இல் வெளியான இவ்வாய்வு, பெயர் அறியப்படாத நம் கைவினைஞரின் செவிநுட்பத்தை உலகறியச் செய்தது.

கடல் ஏன் நீலம்?

1921இல் இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் மாடத்தில், சுவரோரமாக மெல்லப் பேசிய சொல் வளைசுவரை ஒட்டியே சென்று எதிர்ப்புறத்தே கேட்கும் விந்தையை ஆராய்ந்தார். திரும்பும் வழியில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தை ஈர்த்தது.

வானத்தின் நிறம் நீரில் எதிரொளிப்பதே கடலின் நீலம் என்பது, பேரறிஞர் இராலே கூறிய விளக்கம். அதனை ஆய்ந்து பாராமல் ஏற்க இராமன் உடன்படவில்லை. ஒலி அலை காற்றில் முன்னும் பின்னுமாக அதிரும் நெட்டலை. ஒளியோ செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் குறுக்கலை. ஆதலால், குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளியைத் தளவிளைவுக் கருவியால் தடுக்க இயலும். தம்மிடம் இருந்த நிகோல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்துக் கப்பல் தளத்திலிருந்து கடலை நோக்கினார். வானத்தின் எதிரொளி மறைந்தது. நீலமோ மறையவில்லை, முன்னினும் பொலிந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும், நீர் செந்நிறத்தை உறிஞ்சுவதும் கடல் நீலத்துக்குக் காரணங்கள் என்பது தெளிவாயிற்று.

இராமன் விளைவு

கடலில் தோன்றிய வினா ஏழாண்டுகள் அவரைத் தொடர்ந்தது. சிதறும் ஒளி தன் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளுமா? இவ்வாய்வில் அவருக்கு உற்றதுணையாக நின்றவர் கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர் அவர். நீர்மங்களின் ஊடே ஒளியைச் செலுத்தி, சிதறிய ஒளியை இருவரும் கூர்ந்து ஆராய்ந்தனர். பெரும்பகுதி ஒளி மாற்றமின்றி வெளிப்பட்டது. மிகச் சிறு பகுதியின் அதிர்வெண் மட்டும் மாறியிருந்தது. அம்மாற்றத்தின் அளவு, மூலக்கூறுகள் தமக்குள் அதிரும் அதிர்வெண்ணுக்கு ஒப்பாக இருந்தது. நரம்புக்குத் தனிச்சுரம் இருப்பதைப் போன்று மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிர்வுகள் உண்டு. அவற்றை ஒளியின்வழி அறியலாம் என்னும் பேருண்மை 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் வெளிப்பட்டது.

இதற்காக 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து அறிவியலுக்கான அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. இன்று மருந்துகளின் தரம் காணவும், அரிய மணிகளையும் ஓவிய வண்ணங்களையும் சிதைக்காமல் ஆராயவும் இராமன் விளைவு பயன்படுகிறது.

நிறைவு

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான இராமன், அங்கே நாகேந்திர நாத்துடன் இணைந்து, மீயொலி அலைகளால் ஒளி அலைகள் விளிம்பு விளைவுறுவதை விளக்கினார். 1948இல் தம் பெயரால் ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர்தம் கண்டுபிடிப்பு வெளிப்பட்ட பிப்ரவரி 28ஆம் நாளை நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

முழவையும் கடலையும் கோடிக்கணக்கானோர் கேட்டும் கண்டும் கடந்தனர். இராமன் நின்று வினவினார். கண்மாய்க் கரையில் நின்று, மிதக்கும் இலை ஏன் கரைக்கு வரவில்லை என்று கேட்கும் மாணவர் எவரும் அவர் சென்ற வழியில் முதலடி வைத்தவரே ஆவர்.