நஞ்சிலிருந்து மருந்து கண்ட அறிஞர்

1920களில் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் மாடு வளர்த்தவர்களைப் புதுவகை நோய் ஒன்று கலங்க வைத்தது. கொம்பு நீக்கும்போது ஏற்படும் காயத்திலிருந்து இரத்தம் நிற்காமல் வடிந்து மாடுகள் மடிந்தன. காயமே படாத மாடுகளும் உடலுக்குள் இரத்தம் கசிந்து இறந்தன. பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்னும் உலர்தீவனமே இதற்குக் காரணம் எனக் கனடாவின் கால்நடை நோயியல் அறிஞர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். ஆனால், அதிலிருந்த நஞ்சு எது என்பது தெரியவில்லை. அப்புதிரை விடுவித்தவர் கார்ல் பால் லிங்க்.

லிங்க் 1901ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு சமயப் போதகர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற லிங்க், ஐரோப்பாவில் மேற்பயிற்சி பெற்றார். அங்குக் காசநோய் அவரைத் தாக்கியது. அதிலிருந்து மீண்டு, 1927இல் விஸ்கான்சின் திரும்பிப் பேராசிரியப் பணியை ஏற்றார்.

1933ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கடும் பனிப்புயலில் விவசாயி ஒருவர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பயணம் செய்து லிங்கின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். இறந்த இளம்பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் பாத்திரத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் அவர் வண்டியில் கொண்டுவந்திருந்தார். அத்தீவனத்தைக் கொடுக்க வேண்டா என்றும், நோயுற்ற மாடுகளுக்கு நல்ல இரத்தம் ஏற்றலாம் என்றும் மட்டுமே லிங்க்கால் கூற முடிந்தது. வேறு தீவனம் வாங்க வழியற்ற அந்த விவசாயி வெறுங்கையுடன் திரும்பினார். அந்த இயலாமை லிங்கின் மனத்தை உறுத்தியது. அவரும் அவருடைய உதவியாளர்களும் உடனே ஆய்வைத் தொடங்கினர்.

விடை கிடைக்க ஆறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1939இல் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கேம்பல் அந்நஞ்சைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். செடிக்கு நறுமணம் தரும் கூமரின் என்னும் பொருள் மாடுகளுக்கு இத்தகைய தீங்கு செய்வதில்லை. பூசணம் படரும்போது அது டைகூமரால் என்னும் நஞ்சாக மாறுகிறது. இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே செயல்படுவதை இந்நஞ்சு தடுக்கிறது.

மாடுகளைக் கொன்ற பொருள், இரத்தக்குழாய்களில் கட்டி உண்டாவதைத் தடுக்கும் மருந்தாக மனிதருக்குப் பயன்படத் தொடங்கியது. 1945இல் நோய் மீண்டும் தாக்கிச் சிகிச்சையில் இருந்தபோது, லிங்க் எலி ஒழிப்பைப் பற்றிய நூல்களைப் படித்தார். தம் குழுவினர் உருவாக்கியிருந்த சேர்மங்களுள் ஒன்று அதற்கு ஏற்றது என உணர்ந்தார். ஆய்வுக்கு நிதியளித்த அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதற்கு வார்ஃபரின் எனப் பெயரிடப்பட்டது. 1948இல் எலிக்கொல்லியாக அறிமுகமான வார்ஃபரின், 1950களில் மனிதருக்கும் மருந்தாகியது. 1955இல் மாரடைப்புக்குள்ளான அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

அளவு மிகுந்தால் இரத்தப்போக்கு, குறைந்தால் இரத்தக்கட்டி. எனவேதான், வார்ஃபரின் உட்கொள்வோர் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்கின்றனர். இத்தகைய எலிக்கொல்லியைத் தின்றுவிட்ட நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் வைட்டமின் கே கொடுத்து உயிர் காக்கின்றனர்.

லிங்க் 1978இல் காலமானார். ஓர் ஏழை விவசாயியின் துயரைத் தம் துயராகக் கருதிய அவருடைய உழைப்பு, கால்நடைகளோடு மனித உயிர்களையும் காத்து வருகிறது.