வெண்பனி பயின்ற வில்சன் பென்ட்லி

அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதியில் உள்ளது வெர்மான்ட் மாநிலம். குளிர்காலத்தில் ஆங்கு வானினின்று வெண்பனி பொழியும். வயலும் வீடும் பஞ்சு போர்த்தன போலத் தோன்றும். அம்மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9 ஆம் நாள், உழவர் குடியில் வில்சன் பென்ட்லி பிறந்தார்.

அவர்தம் அன்னையார் முன்னர்ப் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். பதினான்கு வயதுவரை அவரே மைந்தருக்குக் கல்வி புகட்டினார். எனினும், பனி படர்ந்த வெளியும் அச்சிறுவர்க்கு ஒரு பள்ளியாயிற்று. பிற சிறுவர் கவணும் கையுமாய்த் திரிய, இவர் இயற்கையின் நுண்பொருள்களை நோக்கி மகிழ்ந்தார். அதுவே இவர்க்கு விளையாட்டு. பதினைந்தாம் வயதில் அன்னையார் பழைய நுண்ணோக்கி ஒன்றை ஈந்தார். வெறுங்கண்ணுக்கு வெண்பொடியாய்த் தோன்றிய பனித்துகள், அதன்கீழ் ஆறு கதிர் விரித்த பளிங்குப் பூவாய் விளங்கிற்று.

ஆயின், அவ்வழகு நெடிது நில்லாது; வரைந்து முடிக்குமுன் துகள் உருகி நீராகும். உருகிய உருவம் மீண்டும் கிடைப்பதன்று. அவ்விழப்பு அவர் உள்ளத்தை வருத்தியது. நிழற்படமே வழியெனத் தெளிந்து, தந்தையிடம் கருவி வேண்டினார். தந்தையார் அதனை வீண்செயலெனக் கருதியும், ஏறத்தாழ 100 டாலர் செலவிட்டு வாங்கித் தந்தார். முதலில் எடுத்த படங்கள் பழுதாயின. குளிர்காலம் கழிந்தால் அடுத்த பனிப்பொழிவு வரையில் காத்திருத்தல் வேண்டும். எனினும் அவர் சோர்ந்திலர். 1885 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் முதற்படம் செவ்வனே அமைந்தது.

கரும்பலகையில் விழுந்த துகளை மெல்லிய மரச்சிராயால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இட்டு, இறகால் மெல்லத் தடவி அமைப்பார். மூச்சின் வெம்மையால் அஃது உருகாவண்ணம் மூச்சினை அடக்குவார். தீ மூட்டாத கொட்டகையிலேயே கடுங்குளிரைத் தாங்கி நிற்பார். உழவும் கறவையும் ஓம்பி வாழ்ந்த அவர், இவ்வாறு 5000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றுள் முற்றும் ஒத்த இரண்டினை அவர் கண்டிலர். முகிலினூடே இறங்கும் ஒவ்வொரு துகளும் வெவ்வேறு அளவான குளிரும் ஈரமும் பெற்று வளர்கின்றது. ஆதலின் அதன் உருவும் வேறாகின்றது.

2400-க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அவரது நூல் 1931 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த திங்களில் பனிப்புயலினூடே நெடுவழி நடந்து வீடு சேர்ந்தவர் நுரையீரல் அழற்சியுற்று, டிசம்பர் 23 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! கருத்தூன்றிக் காண்பார்க்கு விளையாடும் வெளியும் கல்விக் கூடமாகும். நொடியில் மறையும் பனித்துகளுக்கு நிலைபேறு அளித்தார் பென்ட்லி. அதனால் தாமும் நிலைபேறு எய்தினார்.