வத்திராயிருப்பு தந்த ஒளியறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

திருவில்லிபுத்தூர் என்ற பெயரைக் கேட்ட அளவில் தமிழ் நெஞ்சங்களில் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றுவர். அஃது இயல்பே. ஆயினும், பிளவக்கல் அணைகளில் தேங்கும் பெரியாற்று நீரும் கோவிலாற்று நீரும் பாயும் இம்மலையடி வட்டாரம் பக்தி இலக்கியத்திற்கு மட்டும் பங்களித்ததன்று. அணைகளுக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்து, ஒளியின் இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியவர் சர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். இயற்பியலார் நன்கறிந்த இப்பெயரை நம் இலக்கிய மேடைகள் அரிதாகவே உச்சரித்துள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் அவர் வரலாறு இடம்பெறுதல் பொருத்தமுடையது. அவர் தமிழில் எழுதியவர் என்பது ஒரு காரணம். சொல்லாள்வோர் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று அவருடைய ஆய்வு வாழ்வில் உண்டு என்பது மற்றொரு காரணம்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தார். வத்திராயிருப்பு அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழிலும் வடமொழியிலும் புலமை கொண்டவர். மைந்தரின் மொழிப்பற்று அங்கிருந்தே தொடங்கிற்று. சொந்த ஊரிலும் திருவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றபின், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றார். பட்டம் பெற்றதும் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செயல்முறை விளக்குநராகப் பணியேற்றார். நண்பகல் இடைவேளையில் அவர் நடத்திய அறிவியல் உரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவர்களும் வந்து கூடினர் என்பர்.

அறிவு வேட்கை 1920இல் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது. 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுத் துணைவராகச் சேர்ந்தார்.

ஐயத்திற்குரிய ஒளி

அக்காலத்தில் இராமன் குழுவினர் திரவங்களில் ஒளி சிதறும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1923இல் கே. ஆர். இராமநாதன் தண்ணீரில் விந்தையொன்றைக் கண்டார். புகுந்த ஒளியின் நிறத்திலேயே சிதறும் ஒளியோடு, நிறம் மாறிய மங்கலான ஒளியும் உடன் வெளிப்பட்டது. அதனை அவர்கள் வலுவற்ற ஒளிர்வு என்று குறித்தனர்.

ஒளிர்வு என்பது யாது? ஒரு நிற ஒளியை உட்கொண்ட பொருள், ஆற்றல் குறைந்த வேறு நிற ஒளியை உடனே உமிழும் நிகழ்ச்சியே புளோரசென்ஸ் என்னும் ஒளிர்வு. நீரில் கலந்த மாசு இதைச் செய்திருக்கக்கூடும் என எண்ணித் திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினர். மங்கல் ஒளியோ மறையவில்லை. 1925இல் கிருஷ்ணன் அறுபத்தைந்து திரவங்களை ஆராய்ந்தபோதும் சிலவற்றில் அவ்வொளி தென்பட்டது. ஆயினும் அது ஏற்கெனவே ஒரு பெயர் பெற்றுவிட்டது. பெயர் கிடைத்துவிட்டமையால் கேள்வி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உறங்கிற்று.

1928 பிப்ரவரி

சில ஆண்டுகள் கோட்பாட்டுக் கணக்கீடுகளில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை, 1928 தொடக்கத்தில் இராமன் மீண்டும் சோதனைக்கு அழைத்தார். அந்நாள்களின் நிகழ்ச்சிகளைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் பதிந்து வைத்திருந்தார். முதலில் ஆந்தரசீன் என்னும் வேதிப்பொருளின் ஆவியை ஆராய்ந்தார். அது வலுவாக ஒளிர்ந்தது; ஆனால் அவ்வொளியில் தளவிளைவு இல்லை. தளவிளைவு என்பது ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிரும் ஒழுங்கு. பிப்ரவரி 7ஆம் நாள் தூய திரவங்களைச் சோதித்தபோது, அவை யாவற்றிலும் எழுந்த மங்கல் ஒளி மிகுந்த தளவிளைவுடையதாய் இருந்தது. ஒளிர்வு என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்று ஒளிர்வின் குணத்தோடு பொருந்தவில்லை. செய்தியின் சிறப்பை உணர்ந்த இராமன் அன்றிரவே கிருஷ்ணனின் இல்லம் தேடி வந்தார்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. கதிரவன் ஒளியைத் தொலைநோக்கியின் வில்லையால் குவித்து, ஊதா ஒளியை மட்டும் விடும் நிறக்கண்ணாடி வழியே திரவத்தில் செலுத்தினர். காண்பவர் கண்முன் அந்த ஊதாவை முற்றிலும் தடுத்துப் பச்சையை விடும் மற்றொரு கண்ணாடியை வைத்தனர். பொருள் ஒளியின் நிறத்தை மாற்றாதிருப்பின் கண்ணுக்கு இருளே தோன்றும். ஏதேனும் தெரிந்தால் அது புதிதாய்ப் பிறந்த ஒளி. பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டி வழியே நோக்கியபோது, புதிய ஒளி பழைய ஒளியினின்று இருண்ட இடைவெளியால் தெளிவாகப் பிரிந்து நின்றது. மூலக்கூற்றின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு சிதறிய ஒளி அது. இராமன், கிருஷ்ணன் இருவர் பெயராலும் நேச்சர் இதழில் அறிவிப்பு வெளிவந்தது. விளைவுக்கு இராமன் பெயர் நிலைத்தது; 1930இல் நோபல் பரிசும் அவருக்கே கிட்டியது. பங்கு யாருடையது எவ்வளவு என்ற விவாதம் பின்னாளில் பிறரிடையே எழுந்ததே அன்றி, கிருஷ்ணன் தமக்கென வாதாடியவர் அல்லர்.

படிகங்களின் உள்ளே

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற அவர், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளந்து, அவற்றுள் மூலக்கூறுகள் சாய்ந்து கிடக்கும் கோணத்தைக் கணித்தார். 1933இல் கல்கத்தா திரும்பினார். ஆந்தரசீன் போன்ற படிகங்களின் ஒளி உறிஞ்சலையும் ஒளிர்வையும் தொடர்ந்து ஆராய்ந்தார். 1940இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946இல் சர் பட்டம், 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1954இல் பத்மபூஷண், 1958இல் முதல் பட்நாகர் பரிசு எனச் சிறப்புகள் தொடர்ந்தன. 1961 ஜூன் 14ஆம் நாள் இயற்கை எய்தினார்.

உயிரணுவுக்குள் சென்ற ஒளி

கிருஷ்ணன் ஆராய்ந்த அதே ஆந்தரசீன் உயிரியலிலும் ஒரு வாயிலைத் திறந்தது. நோய்க் கிருமி புகுந்தால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. பூட்டுக்குரிய சாவிபோல் அது தனக்குரிய பொருளையே பற்றும். 1941இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர், ஆந்தரசீன் வழிப் பொருளொன்றை எதிர்ப்பொருளோடு பிணைத்து ஒளிரச் செய்தனர். ஆயினும் திசுவே இயல்பாக நீல நிறத்தில் ஒளிர்வதால், ஆந்தரசீனின் நீலத்தைப் பிரித்தறிவது அரிதாயிற்று. எனவே பச்சையாய் ஒளிரும் புளோரசீனுக்கு மாறினர்.

1974இல் லாசரைட்ஸ், வெபர் என்னும் இருவர் ஆக்டின் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை உருவாக்கி, அதனைப் பற்றும் மற்றோர் எதிர்ப்பொருளில் சாயத்தை ஏற்றினர். தசையல்லாத உயிரணுவிலும், வீட்டைத் தாங்கும் உத்தரங்கள்போல் ஆக்டின் இழைகள் நீண்டு கிடப்பது பச்சை ஒளியில் துலங்கிற்று. உயிரணுவுக்கு வடிவும் அசைவும் தரும் சட்டகப் புரதங்களை ஆய்வகங்கள் இம்முறையால் காண்கின்றன. அந்த நுண்ணோக்கியிலும் இரண்டு வடிகட்டிகள் உண்டு: ஒன்று நீலத்தை உள்ளே விடும், மற்றொன்று அதனைத் தடுத்துப் பச்சையைக் கண்ணுக்கு விடும். 1928இல் கல்கத்தாவில் கையாண்ட ஒழுங்கும் இத்தகையதே.

அங்கும் ஐயமே காவல். ஒளிர்வது ஆக்டினா, திசுவின் இயல்பொளியா, தவறான இடத்தில் ஒட்டிய சாயமா? முதல் எதிர்ப்பொருளைச் சேர்க்காமல் ஒரு மாதிரியைத் தனியே வைத்துப் பார்ப்பர். அதிலும் ஒளி எழுந்தால், மற்றதில் கண்ட அழகிய இழைகளை நம்ப இயலாது. மாறாக, சாயமே ஏற்றாமல் மூலக்கூற்றின் அதிர்வைக் கொண்டே உயிரணுவை ஆராயும் நுண்ணோக்கி முறை இராமன் விளைவிலிருந்து பிறந்தது. 1990இல் தனி உயிரணுவுக்கு அம்முறை பயன்பட்டது. ஒளிர்வு அன்று எனக் கிருஷ்ணன் பிரித்தறிந்த மங்கல் ஒளியின் வழித்தோன்றல் அது.

தமிழும் அவரும்

பொதுமக்களுக்காகத் தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதியவர் கிருஷ்ணன். தாய்மொழியில் அறிவியலைச் சொல்ல இயலும் என்பதை எழுதிக் காட்டினார். இலக்கியமும் ஆய்வும் அவரிடம் இரு வேறு அறைகளாக இருந்தில.

கவிஞர்க்கு அவர் வாழ்வு உணர்த்துவது இதுவே: கண்ட பொருளுக்கு முதலில் வாய்க்கும் சொல் எளிதில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியபின் பொருளைப் பார்க்கும் கண் மூடிக்கொள்ளும். வலுவற்ற ஒளிர்வு என்ற சொல் ஓர் அரிய உண்மையை ஐந்தாண்டுகள் மறைத்திருந்தது. சொல் பொருளோடு பொருந்துகிறதா என்று மீண்டும் சோதித்தமையால் அவ்வுண்மை வெளிப்பட்டது. உவமையைத் தேடும் நாமும் முதலில் வந்ததை அவ்வாறே சோதித்தல் வேண்டும். கிருஷ்ணன் பிறந்த டிசம்பர் 4ஆம் நாளில் ஆண்டுதோறும் அறிவியல் தமிழ் அரங்கு ஒன்றை நம் வட்டம் நடத்துமாயின், வத்திராயிருப்பு தன் மைந்தருக்குப் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.