எண்பதை எட்டிய மாணவர்

முதுமை வந்துவிட்டால் புதுமை வேண்டாம் என்போர் நம்மிடையே பலர். கைப்பேசியைக் கண்டு கலங்கும் பெரியவர்களையும், அந்தக் கலக்கத்தைக் கண்டு நகைக்கும் இளையவர்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். இவ்விரு சாராருக்கும் நாம் எடுத்துக்காட்டத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு. ருஷ்யப் பேரறிஞர் டால்ஸ்டாயின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளே அது. காந்தியார் தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய பண்ணையின் பெயருக்கு உரியவர் இவர்தாம்.

1828-இல் யாஸ்னயா போல்யானாவில் பிரபுக் குடும்பத்தில் அவர் பிறந்தபோது ருஷ்யாவில் இருப்புப் பாதையே கிடையாது. போரும் அமைதியும் என்னும் பெருநாவலை அவர் கையால் எழுதினார். அடித்துத் திருத்திய தாள்களை மனைவி சோபியா திரும்பத் திரும்பப் படியெடுத்தார். பேனாவும் குதிரையும் போதும் என்று அவர் இருந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படி இருக்கவில்லை. 1895-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏழு வயது நிரம்பாத கடைசி மகன் வானியா இறந்தான். வீடே இருண்டது. அந்த ஆண்டிலேதான், தம் 67-ஆம் வயதில், டால்ஸ்டாய் மாஸ்கோவில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார். வெண்தாடி வேந்தருக்கு இது தகுமா என்று அவர்மீது அன்பு கொண்டவரே வருந்தித் தடுத்தார். டால்ஸ்டாய் வெட்கப்படவில்லை, அதில் தமக்கு உள்ள விருப்பத்தை நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். கற்பவனுக்கு வெட்கம் பகை என்பதை அந்தக் கிழவர் அறிந்திருந்தார்.

அவர் இயந்திரத்துக்கு அடிமையாகிவிட்டாரா? இல்லை! 1900-இல் எழுதிய நூலொன்றில், மாஸ்கோ ரயில்வேயில் தொடர்ந்து 37 மணி நேரம் சரக்குச் சுமக்கும் கூலிகளின் அவலத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்தார். ஓடுகிற வண்டியின் வேகத்தை உலகம் வியந்தது. அந்த வண்டிக்காக ஒடிகிற முதுகை அவர் கண்டார். எந்தப் பொறியைக் கண்டாலும் இது யாருக்குப் பயன்படுகிறது, இதனால் யார் நசுங்குகிறார் என்ற கேள்வியை அவர் விடவில்லை. புதியது என்பதால் வெறுக்கவுமில்லை. புதியது என்பதால் வணங்கவுமில்லை.

வீட்டிலே தட்டெழுத்துப் பொறி வந்தது. ரெமிங்டன் பொறிக்கென ஓர் அறையே ஒதுக்கப்பட்டு, அதன் பெயராலேயே வழங்கியது. மகள் அலெக்சாண்ட்ரா அங்கே அமர்ந்து தந்தையின் எழுத்துகளைத் தட்டெழுதினார். 1908-இல் புரோகுதின் கோர்ஸ்கி வந்து வண்ணப் புகைப்படம் எடுத்தார். அதே ஆண்டு 80-ஆவது பிறந்த நாளையொட்டிச் சினிமாக் கருவியும் வாசலுக்கு வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய வரவு, அதே 1908-இன் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து எடிசன் அனுப்பிய போனோகிராப். பேசும் பேச்சை மெழுகு உருளையில் பதிக்கும் கருவி அது. எண்பதை நெருங்கிய டால்ஸ்டாய் அதன்முன் அமர்ந்து பேசப் பழகினார். கடிதங்களைச் சொல்லிப் பதித்தார்.

மே மாதம் வந்தது. கெர்சானில் இருபது விவசாயிகள் தூக்கிலிடப்பட்டார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தார். பன்னிரண்டு பேர் என்று பின்னர் தெரிந்தது. எண்ணிக்கை குறைந்தால் கொடுமை குறையுமா? துடித்துப்போன முதியவர் நேரே அந்தக் கருவியிடம் சென்று, ஜார் ஆட்சியின் தூக்குமரத்துக்கு எதிராகத் தம் நெஞ்சின் வேதனையைக் கொட்டினார். அந்தக் குமுறலே, மௌனமாயிருக்க முடியாது என்ற பொருள்படும் தலைப்புடன் ஜூலையில் கட்டுரையாக வெளிவந்தது. ருஷ்யாவில் அதன் பகுதிகளை வெளியிட்ட ஏடுகளுக்கு அபராதம் விதித்தார்கள். வெளிநாட்டு ஏடுகளோ அதை உலகெங்கும் கொண்டு சென்றன. சீமான் மாளிகையில் பாட்டுக் கேட்கும் பொழுதுபோக்காகவும் இருக்கக்கூடிய கருவி, தூக்குமேடை ஏறிய ஏழை உழவனுக்காகப் பேசிற்று! பொறிக்குக் கொள்கை கிடையாது. அதன்முன் அமர்கிறவனுக்கு இருக்க வேண்டும்.

1910 நவம்பரில், 82 வயதில், குடும்பப் பூசலும் செல்வ வாழ்வும் வேண்டாமென்று இரவோடிரவாக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் எளிய மக்களோடு சென்றவரைக் காய்ச்சல் பற்றிற்று. அஸ்தாபவோ என்ற சிறு நிலையத்தில் இறக்கப்பட்டு, நிலைய அதிகாரியின் வீட்டில் நவம்பர் 20-ஆம் நாள் கண்மூடினார். தந்திக் கம்பிகள் அச்செய்தியை உலகுக்குச் சொல்லின. அந்த ஊர் பின்னர் அவர் பெயரையே பெற்றது.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் கொள்வது என்ன? பெரியவர்களே, கற்க வெட்கம் வேண்டாம். கைப்பேசியோ கணினியோ, கற்ற பிறகு ஒதுக்கினால் அது உங்கள் முடிவு. கற்காமலே ஒதுக்கினால் அது வெறும் அச்சம். இளைஞர்களே, நகைக்காதீர்கள், அலெக்சாண்ட்ராவைப் போல அருகே அமர்ந்து உதவுங்கள். வயது கூடுவது இயற்கை. புதியதைக் கற்கும் துணிவும், அது யாருக்காக என்று கேட்கும் நெஞ்சுரமும் குன்றாதிருப்பதே இளமை!