ஏர்ன்ஸ்ட் லூபிட்ச்

ஏர்ன்ஸ்ட் லூபிட்ச் (ஜனவரி 29, 1892 – நவம்பர் 30, 1947) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற திரைப்பட இயக்குநர் ஆவார். ஊமைப்படக் காலத்திலும் பேசும்படக் காலத்திலும் ஒரே அளவு வெற்றி கண்ட மிகச் சில இயக்குநர்களுள் இவரும் ஒருவர். சொல்ல வேண்டியதை நேரே சொல்லாமல் ஒரு கதவு, ஒரு தொப்பி, ஒரு பார்வை ஆகியவற்றைக் காட்டிப் பார்வையாளரே உணரும்படி செய்வது இவரது பாணி. திரைப்பட வரலாற்றில் இப்பாணி இவரது பெயராலேயே லூபிட்ச் தொடுகை என்று அழைக்கப்படுகின்றது. பிரிந்த தாயையும் மகளையும் பற்றி இவர் 1925ல் இயக்கிய 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' (விண்டர்மியர் சீமாட்டியின் விசிறி) என்னும் ஊமைப்படம் இப்பாணிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றது.

இளமையும் நாடகமும்

லூபிட்ச் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தையற்கலைஞர்; பெண்களுக்கான மேலங்கிகளைத் தைத்து விற்கும் தொழிலை நடத்தி வந்தார். மகனும் அத்தொழிலையே தொடர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ நாடக ஆசை. பதினாறாம் வயதில் பள்ளிப்படிப்பை விட்ட லூபிட்ச், பகலில் தந்தையின் கடையிலும் இரவில் கேளிக்கை அரங்குகளிலுமாகக் காலம் கழித்தார். 1911ல் அக்காலத்தின் தலைசிறந்த நாடக இயக்குநரான மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்களே. ஆயினும் பெருங்கூட்டத்தை மேடையில் எப்படி நகர்த்துவது, சிறு பொருள் ஒன்றை எப்படிப் பேச வைப்பது என்பவற்றை அவர் கற்றது அக்குழுவில்தான் எனலாம்.

1913 முதல் திரைப்படங்களில் நடித்தார். துணிக்கடைச் சிப்பந்தியாகவும் காலணிக்கடைப் பையனாகவும் வந்து, குறும்பும் சாமர்த்தியமும் கொண்டு முதலாளியாகும் யூத இளைஞன் வேடமே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1916ல் வெளிவந்த 'ஷூபலாஸ்ட் பிங்கஸ்' இவ்வகைப் படங்களுள் ஒன்று. தந்தையின் கடையில் கண்டவற்றையே அவர் திரையில் நடித்துக் காட்டினார் போலும்.

1914 முதல் படங்களை இயக்கவும் தொடங்கினார். போலா நெக்ரி நடித்த 'கார்மென்' (1918), 'மதாம் துபாரி' (1919) ஆகிய வரலாற்றுப் படங்களும், ஒஸ்ஸி ஒஸ்வால்டா நடித்த 'டி ஆஸ்டர்ன்பிரின்செசின்' (1919), 'டி புப்பே' (1919) ஆகிய நகைச்சுவைப் படங்களும் அவரை ஜெர்மனியின் முன்னணி இயக்குநராக்கின. இப்படங்களுள் பலவற்றிற்குத் திரைக்கதை எழுதியவர் ஹன்ஸ் கிராலி என்பவர். 'சுமுரூன்' (1920) படத்திற்குப் பின் லூபிட்ச் நடிப்பைக் கைவிட்டார்.

அமெரிக்காவுக்குச் செல்லல்

'மதாம் துபாரி' 1920 இறுதியில் அமெரிக்காவில் 'பேஷன்' என்ற பெயரில் திரையிடப்பட்டுப் பெருவெற்றி கண்டது. முதல் உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த அக்காலத்தில், ஒரு ஜெர்மானியப் படம் அமெரிக்காவில் வரவேற்கப்பட்டது வியப்புக்குரியது. அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற நடிகையான மேரி பிக்ஃபோர்ட் தமது படத்தை இயக்குமாறு லூபிட்சை அழைத்தார். 1922 இறுதியில் அமெரிக்கா சென்ற லூபிட்ச் அவரை வைத்து 'ரோசிட்டா' (1923) படத்தை எடுத்தார். படம் நன்றாக ஓடியபோதிலும் பிக்ஃபோர்ட் பிற்காலத்தில் அதை வெறுத்து ஒதுக்கினார். நெடுங்காலம் நல்ல படி இன்றி இருந்த அப்படத்தை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்து 2017ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிட்டது.

பின்னர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு 1924 முதல் 1926 வரை அதற்காக ஐந்து படங்களை எடுத்தார். அன்று வார்னர் ஒரு சிறிய நிறுவனமே. ஆனால் படத்தொகுப்பில் இறுதி முடிவு எடுக்கும் உரிமையை அது லூபிட்சுக்கு வழங்கியது. சார்லி சாப்ளின் இயக்கிய 'எ வுமன் ஆஃப் பாரிஸ்' (1923) படத்தைக் கண்டு வியந்திருந்த லூபிட்ச், பெருங்கூட்டங்களையும் அரண்மனைகளையும் விட்டு வீட்டு அறைகளுக்குள் நுழைந்தார். 'த மேரேஜ் சர்க்கிள்' (1924) அவ்வழியில் வந்த முதற்படம்.

தாயும் மகளும்: இரு படங்கள்

வார்னருக்காக எடுத்த படங்களுள் இரண்டு தாய்–மகள் உறவை மையமாகக் கொண்டவை. இரண்டிலும் மகளாக நடித்தவர் மே மெக்அவாய் என்ற நடிகையே.

முதற்படம் 'த்ரீ விமன்' (1924). தன் இளமை போய்விடுமோ என்று அஞ்சும் செல்வந்த விதவை ஒருத்தி, வளர்ந்த மகளைத் தொலைவிலுள்ள கல்லூரியில் விட்டு வைத்திருக்கின்றாள். பணத்தாசை கொண்ட ஒருவன் முதலில் தாயையும் பின்னர் மகளையும் மயக்குகின்றான். இறுதியில் தாய் அவனைச் சுட்டுவிடுகின்றாள். பாலின் ஃப்ரெடெரிக் தாயாக நன்கு நடித்திருந்தும், படத்தின் முற்பகுதியில் உள்ள எள்ளலும் பிற்பகுதியில் உள்ள துப்பாக்கியும் ஒட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே பொருளை வேறு விதமாகக் கையாண்டார். ஆஸ்கார் வைல்டு எழுதிய 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' என்ற நாடகம் லண்டனில் 1892 பிப்ரவரியில் முதன்முதலாக அரங்கேறியது. லூபிட்ச் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத காலம் அது. சொல்விளையாட்டுக்கும் கூரிய உரையாடலுக்கும் பெயர்பெற்ற அந்நாடகத்தை ஊமைப்படமாக எடுப்பது வீண் முயற்சி என்று எவருக்கும் தோன்றும். லூபிட்ச் அதைவிடத் துணிந்து, வைல்டின் புகழ்பெற்ற சொற்றொடர்களை எழுத்து அட்டைகளிலும் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார்.

கதை இது. இளம் விண்டர்மியர் சீமாட்டி தன் தாய் இறந்துவிட்டதாக நம்பி வாழ்பவள். உண்மையில் தாய், முன்பு ஒரு தவறு செய்து உயர்குடிச் சமூகத்தால் விலக்கப்பட்டவள். திருமதி எர்லின் என்ற பெயருடன் அவள் லண்டன் திரும்புகின்றாள். அவள் யார் என்பது மகளுக்குத் தெரியாமலிருக்க மருமகன் காசோலைகள் கொடுத்து வருகின்றான். காசோலைப் புத்தகத்தைக் கண்ட மகள் கணவனைத் தவறாக எண்ணி, தன்னை விரும்பும் டார்லிங்டன் பிரபுவின் வீட்டுக்குச் சென்றுவிடுகின்றாள். அவள் கணவனுக்கு எழுதி வைத்த கடிதம் தாயின் கையில் சிக்குகின்றது. தான் செய்த அதே தவற்றை மகளும் செய்வதை உணர்ந்து தாய் விரைகின்றாள். மகள் அங்கே மறந்து வைத்த விசிறியை ஆடவர்கள் கண்டெடுக்கும்போது, தாய் வெளியே வந்து அதைத் தவறுதலாகத் தானே எடுத்து வந்ததாகக் கூறிப் பழியை ஏற்கின்றாள். மகள் தப்பித்து வெளியேறுகின்றாள்.

திருமதி எர்லினாக ஐரீன் ரிச்சும், டார்லிங்டனாக ரொனால்ட் கோல்மனும், கணவனாக பெர்ட் லைட்டெலும் நடித்தனர். ஒளிப்பதிவு சார்ல்ஸ் வான் எங்கர். தாயாக நடித்தவருக்கும் மகளாக நடித்தவருக்கும் வயது வேறுபாடு பத்து ஆண்டுகளுக்கும் குறைவு. ஆனாலும் படம் பார்க்கும்போது அது உறுத்துவதில்லை.

நாடகத்தில் இல்லாத குதிரைப் பந்தயக் காட்சி ஒன்றை லூபிட்ச் சேர்த்தார். பந்தயத்துக்கு வந்த உயர்குடியினரின் தொலைநோக்கிகள் யாவும் குதிரைகளை விட்டுவிட்டு, தனியே அமர்ந்திருக்கும் திருமதி எர்லினையே நோக்குகின்றன. அவளது ஆடை, மோதிரம், கூந்தலில் தோன்றும் நரை என ஒவ்வொன்றையும் அவர்கள் ஆராய்கின்றனர். ஒருத்தியை ஒரு சமூகமே கண்ணால் தின்பதை ஒரு சொல்லும் இன்றி இக்காட்சி காட்டிவிடுகின்றது. அவள் திரும்பிச் செல்லும்போது முதிய பிரம்மச்சாரியான அகஸ்டஸ் பிரபு பின்தொடர்கின்றார். அவர் நெருங்க நெருங்கத் திரையின் ஒரு பக்கம் கருமை படர்ந்து சட்டகம் குறுகிக்கொண்டே வருகின்றது.

பிறகு அகஸ்டஸ் அவள் வீட்டுக்கு வருவதைக் காட்ட அழைப்புமணியே போதுமானதாகின்றது. முதலில் தயக்கத்துடன் மணியை அழுத்திக் காத்து நிற்கும் அவர், பின்னர் உரிமையோடு அழுத்தி உள்ளே நுழைகின்றார். இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவர் தாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். இன்னோரிடத்தில் தோட்டத்துச் செடிவேலிக்கு அப்பால் ஓர் ஆடவன் திருமதி எர்லினுடன் இருப்பதை மகள் காண்கின்றாள். அவன் முகம் தெரியவில்லை. தன் கணவன் என்றே அவள் முடிவு செய்துவிடுகின்றாள். பார்ப்பதும் தவறாகப் பார்ப்பதும்தான் இப்படத்தின் பொருள் என்றும் சொல்லலாம்.

இப்படத்தை அதே ஆண்டில் ஹென்றி கிங் இயக்கத்தில் வெளிவந்த 'ஸ்டெல்லா டல்லஸ்' படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. அதுவும் மகளின் நல்வாழ்வுக்காகத் தன்னை விலக்கிக்கொள்ளும் தாயின் கதையே. அதிலும் ரொனால்ட் கோல்மன் நடித்திருக்கின்றார். அதில் தாய் கொட்டும் மழையில் தெருவில் நின்று மகளின் திருமணத்தைச் சாளரம் வழியே காண்கின்றாள். அரங்கே அழுதது. லூபிட்சின் தாய் அழுவதற்கு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. மகளிடம் தான் யார் என்று கூறாமலே விடைபெறுகின்றாள். வெளியே வந்ததும், முன்னிரவு தன்னை இழிவாக எண்ணிய அகஸ்டஸ் எதிர்ப்பட, அவர் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னரே அவரது நடத்தையைக் கண்டித்து, அவரை மணக்கப் போவதில்லை என்று அறிவித்துவிடுகின்றாள். திகைத்துப்போன அவர் அவள் ஏறிய வண்டியிலேயே தாமும் ஏறிக்கொள்கின்றார். பார்ப்பவர் சிரிக்கின்றனர். மகள் கடைசிவரை அறியாத ஒன்றைத் தாம் மட்டுமே அறிந்திருக்கின்றோம் என்பது சிரிப்பு அடங்கிய பின்னரே நினைவுக்கு வருகின்றது. தவறு செய்த பெண்ணைத் தண்டிக்காமலும் புனிதவதியாக்காமலும் விட்டது அக்காலப் படங்களில் அரிது.

இப்படம் 2002ல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. வார்னருக்காக எடுத்த இன்னொரு படமான 'கிஸ் மீ அகைன்' (1925) இன்று கிடைப்பதில்லை.

பேசும்படங்கள்

1928ல் வெளியான 'த பேட்ரியட்' படத்திற்கு எழுதியமைக்காக ஹன்ஸ் கிராலி அகாதமி விருது பெற்றார். இப்படமும் சில துண்டுகள் தவிர அழிந்துவிட்டது. 1922ல் லூபிட்ச் மணந்த ஹெலனா கிராவுசுக்கும் கிராலிக்கும் ஏற்பட்ட தொடர்பால் அவரது மணவாழ்வும், பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட கூட்டுப்பணியும் 1930ல் ஒருசேர முறிந்தன. திரையில் கணவன் மனைவியரின் சிறு துரோகங்களைச் சிரிப்புடன் காட்டிய இவருக்கு, வாழ்க்கையில் அது எளிதாக இருந்ததாகத் தெரியவில்லை.

பேசும்படம் வந்ததும் பலர் தடுமாறியபோது, லூபிட்ச் பாரமவுண்ட் நிறுவனத்தில் 'த லவ் பரேட்' (1929) என்ற இசைப்படத்தை வெற்றிகரமாக எடுத்தார். இரு திருடர்களின் காதலைக் கூறும் 'ட்ரபிள் இன் பாரடைஸ்' (1932) அவரது படங்களுள் மிகச் சிறந்தது என்போர் பலர். ஆனால் 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை விதிகளால் அது பல பத்தாண்டுகள் மறுவெளியீடு இன்றிக் கிடந்தது. 1935ல் பாரமவுண்டின் தயாரிப்புத் தலைவராக அமர்த்தப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டில் அப்பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பிறர் படங்களிலும் அளவுக்கு மீறித் தலையிட்டாராம்.

நாட்சிகளும் போரும்

1935ல் நாட்சி அரசு லூபிட்சின் ஜெர்மானியக் குடியுரிமையைப் பறித்தது. மறு ஆண்டு அவர் அமெரிக்கக் குடிமகனானார். 1940ல் வெளியான யூத வெறுப்புப் பரப்புரைப் படமான 'டேர் எவிகே யூடே' லூபிட்சின் உருவத்தையும் காட்டியது. பெர்லின் மக்களைச் சிரிக்க வைத்த அதே முகம் அவர்களை வெறுக்கத் தூண்டுவதற்குப் பயன்படுத்தப்பட்டது.

1935ல் அவர் விவியன் கே என்பவரை மணந்திருந்தார். 1938ல் மகள் பிறந்தாள். பத்து மாதக் குழந்தையான அவள், தாதி ஒருவருடன் 'அத்தேனியா' என்ற பயணிகள் கப்பலில் அத்திலாந்திக் கடலைக் கடந்துகொண்டிருந்தபோது, 1939 செப்டம்பர் 3 அன்று, பிரித்தானியா போரை அறிவித்த அதே நாளில், ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று அக்கப்பலைத் தாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குழந்தையும் தாதியும் உயிர் தப்பினர். கிரேட்டா கார்போ நடித்த 'நினோட்ச்கா' வெளிவரவிருந்த சமயம் அது.

அதற்குப் பின்னர் 'த ஷாப் அரவுண்ட் த கார்னர்' (1940) படத்தில் ஒரு சிறு கடையின் ஊழியர்களைப் பரிவுடன் காட்டினார். 'டு பி ஆர் நாட் டு பி' (1942) நாட்சிகள் கைப்பற்றிய வார்சாவில் நடிகர் குழு ஒன்று அவர்களை ஏமாற்றுவதைக் கூறும் நகைச்சுவைப் படம். இதன் கதாநாயகி கரோல் லொம்பார்ட் படம் வெளிவருமுன்னரே வானூர்தி விபத்தில் இறந்தார். போர் நடக்கும்போது இதில் சிரிக்க என்ன இருக்கின்றது என்று அன்று பலர் கடிந்துகொண்டனர். இன்று இப்படம் அவரது தலைசிறந்த ஆக்கங்களுள் வைத்து எண்ணப்படுகின்றது.

இறுதிக்காலம்

'ஹெவன் கேன் வெயிட்' (1943) அவரது முதல் வண்ணப்படமாகும். அதன்பின் இதயநோய் அவரை வாட்டியது. 'ஃபர்பிட்டன் பாரடைஸ்' (1924) என்ற தம் ஊமைப்படத்தை மீண்டும் எடுக்க முனைந்தபோது உடல்நிலை இடந்தரவில்லை. அதை 'எ ராயல் ஸ்கேண்டல்' (1945) என்ற பெயரில் இயக்கியவர் ஓட்டோ பிரெமிங்கர். 1947 மார்ச்சில் லூபிட்சுக்குச் சிறப்பு அகாதமி விருது வழங்கப்பட்டது. இயக்கத்திற்காக மும்முறை பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் அவர் ஒருமுறையும் வென்றதில்லை.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று மாரடைப்பால் ஹாலிவுட்டில் காலமானார். அவருக்கு வயது 55. அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த 'தட் லேடி இன் எர்மின்' (1948) படத்தையும் பிரெமிங்கரே முடித்தார். அவர் மறு ஆண்டு, 'த ஃபேன்' (1949) என்ற பெயரில் திருமதி எர்லினின் கதையைப் பேசும்படமாகவும் எடுத்தார். இயக்குநர் பில்லி வைல்டர், லூபிட்ச் இதை எப்படிச் செய்திருப்பார் என்று கேட்கும் வாசகம் ஒன்றைத் தமது அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.