பறிபோன சன்னது

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தூத்துக்குடியிலிருந்தும் கூட்டம் கிளம்பும். மணியாச்சி, திருநெல்வேலி, தென்காசி என்று ரயில் பாதை போகிறது. இந்தப் பாதை நெடுகிலும் ஒரு வக்கீலின் பெயர் இன்றும் ஒலிக்கிறது. அவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

கப்பல் ஓட்டியவர் என்று அவரை எல்லோரும் அறிவர். செக்கு இழுத்தவர் என்றும் அறிவர். ஆனால் அவர் செய்த தொழில் வக்கீல் தொழில். அந்தத் தொழில் அவரிடமிருந்து பறிக்கப்பட்ட கதையும், திரும்பி வந்த கதையும் பலருக்குத் தெரியாது.

ஏழைகளின் வக்கீல்

1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை பெயர் பெற்ற வக்கீல். தாயார் பரமாயி அம்மாள்.

மகனும் திருச்சியில் சட்டம் படித்தார். 1895-ல் ஒட்டப்பிடாரம் கோர்ட்டில் வக்கீலானார்.

தந்தையைத் தேடி வந்தவர்கள் வசதி உள்ளவர்கள். மகனைத் தேடி வந்தவர்கள் ஏழைகள். கையில் காசு இல்லாதவனுக்கும் அவர் வாதாடினார். போலீசார் ஜோடித்த வழக்குகளை உடைத்தார். லஞ்சம் வாங்கிய சப்-மாஜிஸ்திரேட்டுகள் மீதே குற்றத்தை நிரூபித்தார்.

இதனால் அதிகாரிகளின் பகை வளர்ந்தது. தந்தை கவலைப்பட்டார். 1900-ல் வ.உ.சி. தூத்துக்குடிக்குக் குடியேறினார்.

வீட்டிலும் அவர் ஒரே நீதியைத்தான் கடைப்பிடித்தார். இராமையா தேசிகர் என்ற கண் பார்வையற்ற அறிஞர் ஒருவர். அவர் வேறு சாதியைச் சேர்ந்தவர். அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட்டார். மனைவி வள்ளியம்மாளே பரிமாறினார். உறவினர்கள் முணுமுணுத்தார்கள். தம்பதிகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடலில் ஒரு போட்டி

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கொடி கட்டிப் பறந்தது. அதற்குப் போட்டியாக வ.உ.சி. 1906 அக்டோபர் 16-ந் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அதிகாரிகளும் அந்தக் கம்பெனியின் பக்கமே நின்றார்கள்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர வேண்டும், வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டனர். வ.உ.சி. அவர்களுக்குத் துணை நின்றார். தொழிலாளர் வென்றனர். சர்க்காரின் பொறுமை தீர்ந்தது.

வக்கீல் கைதியானார்

மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். அவருடன் சுப்பிரமணிய சிவாவும் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது.

முதல் விசாரணை நடத்தியவர் மாஜிஸ்திரேட் வாலஸ். அவர் வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பி வைத்தார். அங்கே நீதிபதி பின்ஹே ஜூலை 7-ந் தேதி தீர்ப்புக் கூறினார். ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. நாடே திடுக்கிட்டது.

லண்டனிலும் முகம் சுளித்தார்கள். இந்திய மந்திரியாக இருந்த மார்லி பிரபுவே இந்தத் தண்டனையை ஆதரிக்க முடியாது என்று வைசிராய் மிண்டோவுக்கு எழுதினார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது.

கோவை ஜெயிலில் வ.உ.சி. மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். அங்கே அவருக்கு ஆறுதலாக இருந்தவரும் ஒரு வக்கீல்தான். அவர் கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியார். சர்க்காரின் கோபத்துக்கு அஞ்சாமல் ஜெயிலுக்கு வந்து உதவினார். பின்னாளில் பெரியபுராணத்துக்கு உரை எழுதியவர் அவரே.

தென்காசியில் ஒரு சபதம்

வ.உ.சி.யின் தண்டனை தென்காசி வட்டாரத்து இளைஞர்களின் மனத்தைச் சுட்டது. 1910-ல் தென்காசியில் சிலர் இரகசியமாகக் கூடிச் சபதம் செய்தனர். 1911 ஜூன் 17-ந் தேதி, செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றான். தானும் சுட்டுக்கொண்டு மாண்டான்.

சட்டத்தைக் கொண்டு போராடியவர் ஜெயிலில் இருந்தார். சட்டத்தில் நம்பிக்கை இழந்தவன் துப்பாக்கியை எடுத்தான். நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை போனால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

அரிசி விற்ற வக்கீல்

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அழைத்துச் செல்லப் பெருங்கூட்டம் வரவில்லை. கப்பல் கம்பெனி 1911-லேயே கலைந்துவிட்டது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னதும் போய்விட்டது.

சென்னையில் குடியிருந்தார். அரிசி விற்றார். மண்ணெண்ணெய் விற்றார். வியாபாரம் கை கொடுக்கவில்லை. குடும்பம் வாடியது.

கடல் கடந்து ஒரு கை நீண்டது. தென்னாப்பிரிக்காவில் உழைத்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி, காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். 1915-ல் வ.உ.சி. அதைக் கேட்டுக் கடிதம் எழுதினார். பல கடிதங்கள் போய் வந்தன. கடைசியில் 347 ரூபாய் 12 அணா அவருக்குக் கிடைத்தது.

காந்தியடிகளும் வக்கீல்தான். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1922-ல் அவரும் சிறைத் தண்டனை பெற்றார். உடனே லண்டன் இன்னர் டெம்பிள் சங்கம் தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. 1988-ல்தான், அவர் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து, மீண்டும் சேர்த்துக்கொண்டது.

வாலஸ் தந்த பரிசு

வ.உ.சி.க்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. அவர் வழக்கை முதலில் விசாரித்த வாலஸ் பின்னாளில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியானார். வ.உ.சி. எப்படிப்பட்டவர் என்பது அவருக்குத் தெரியும். அவரே முன்நின்று சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார்.

கைதியாக்கி அனுப்பிய கையே கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்தது. வ.உ.சி. அந்த நன்றியை மறக்கவில்லை. தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், வெள்ளையர் ஒருவரின் நல்ல குணத்தை எதிர்க்கவில்லை.

பிறகு கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். பணம் சேரவில்லை. திருக்குறளிலும் தொல்காப்பியத்திலும் மனம் தோய்ந்தது.

கடைசிக் கணக்கு

1936-ல் உடல் தளர்ந்தது. உயில் எழுதினார். வக்கீல் எழுதும் உயிலில் வீடும் நிலமும் வரிசையாக இருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். இந்த உயிலில் கடன்கள் வரிசையாக இருந்தன. ஜவுளிக் கடைக்குத் தரவேண்டிய பாக்கி, எண்ணெய்க் கடைக்குத் தரவேண்டிய பாக்கி என்று ஒன்றுவிடாமல் குறித்தார். தம்மால் ஒரு கடைக்காரரும் நஷ்டப்படக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்த ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அவர் கண் மூடினார்.

சர்க்கார் ஒரு காலத்தில் அவரை வக்கீலாக இருக்கத் தகுதியற்றவர் என்றது. எண்ணெய்க் கடைக்காரருக்கும் கணக்குத் தீர்க்க நினைத்த அந்த உயிலைப் படித்தவர்கள், தகுதி யாருக்கு இருந்தது என்பதை அறிவார்கள்.